கை வீங்கினால் கண்ணையும் பாருங்கள்

பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மாவை வரவழைக்காத தமிழ்க் குடும்பம் இங்கே எத்தனை இருக்கும்? ஆறு மாத விசிட்டர் விசா, ரெண்டு பெட்டி, அதில் ஒரு பெட்டி முழுக்க சுக்கு, பூண்டு, பிரசவ லேகியம், பருப்புப் பொடி. எங்கள் வீட்டிலும் அதேதான். மாமியாரால் வர முடியாத நிலை, அதனால் என் அம்மா திண்டுக்கல்லிலிருந்து நவம்பர் மாதம் வந்தாங்க. லண்டனுக்கு மேற்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறோம். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், மருத்துவம் படித்தவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் வலது கண்ணுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் தவறான பெயரில் வைத்தியம் நடந்தது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒருவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மணி 3 இருக்கும். குழந்தைக்குப் பால் கலக்கக் கீழே இறங்கினேன். அடுப்பங்கரையில் விளக்கைப் போடாமல் அம்மா உட்கார்ந்திருந்தாங்க. வாயில் கிராம்பு, கன்னத்தில் வெந்நீரில் நனைத்த துணி. "பல்வலிடா, நீ போய்ப் படு" என்றார். கண் சிவந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது, ஆனால் அதையும் இந்த வலியையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை. கண் வேறு, பல் வேறு. கை முட்டி வீங்குவது வேறு, அதுதான் ஒன்பது வருஷமாக இருக்கிறதே.

மூன்றும் ஒரே நோய் என்பது எங்களுக்குத் தெரிய இன்னும் எட்டு நாள் ஆனது.

அம்மாவுக்கு முடக்குவாதம், ஊரில் சிலர் சரவாங்கி என்பார்கள். ஆங்கிலப் பெயர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயசானால் வரும் முட்டித் தேய்மானம் இல்லை இது. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆள் தெரியாமல் நம் உடம்பையே அடிக்கிற நோய். உலகில் 100 பேரில் ஒருவருக்கு, அல்லது 200 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. பெண்களுக்கு ஆண்களைவிட ரெண்டு மூன்று மடங்கு அதிகம். விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால்விரல் என்று சின்ன மூட்டுகளில், அதுவும் ரெண்டு பக்கமும் சேர்ந்தாற்போல வீங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் விரலை மடக்க முடியாது. அம்மா தயிர் பாட்டில் மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவது அதனால்தான். நான் அதை வயசு என்று நினைத்திருந்தேன். அப்போது அவருக்கு 61.

பெயரிலேயே மூட்டு இருப்பதால் எல்லோரும் மூட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் இந்த நோய் ரத்தத்தில் ஓடுகிறது. நுரையீரலுக்குப் போகும், ரத்தக் குழாய்களுக்குப் போகும், கண்ணுக்கும் போகும். கண்ணின் வெள்ளைப் பகுதி இருக்கிறதே, அது வெறும் வெள்ளை நிறம் இல்லை. விழிக்கு வடிவம் கொடுக்கிற கெட்டியான தோல் மாதிரியான ஒரு சுவர். மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்களைப் போல அதுவும் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. மூட்டில் நடக்கிற அதே அழற்சி அந்தச் சுவரில் நடந்தால் அதற்கு ஸ்க்ளிரைட்டிஸ் என்று பெயர். அது வருபவர்களில் மூன்றில் ஒருவருக்காவது பின்னால் ஏதோ ஒரு உடல் நோய் இருக்கும். அந்த நோய்களில் முதலிடம் முடக்குவாதத்துக்கு. சிலருக்குக் கண்தான் முதலில் காட்டிக்கொடுக்கும், மூட்டு வலி பிறகு வரும்.

எங்கள் வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏதோ ஒரு இடத்தில் உங்கள் வீடும் உங்களுக்குத் தெரியலாம்.

முதல் நாள் கண் சிவந்தது. "மெட்ராஸ் ஐ" என்று அம்மாவே பெயர் வைத்தாங்க. நமக்குக் கண் சிவந்தால் அந்த ஒரே பெயர்தான். குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்து தனித் துண்டு, தனி டம்ளர் என்று ஒதுங்கிக்கொண்டாங்க. ஊரிலிருந்து பெரியம்மா வாட்ஸ்அப்பில் வந்து, "வீட்லயே தாய்ப்பால் இருக்கே, ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போயிரும்" என்று சொல்ல, என் மனைவி சங்கடத்தோடு சிரித்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நல்லவேளை.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனோம். இங்கிலாந்தில் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தை, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்தாளுநரே கேள்வி கேட்டுக் கொடுக்கலாம். அவர் கேட்டார். பார்வை மங்குகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, வலி எப்படி இருக்கிறது. நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மா என்னிடம் சொன்ன வார்த்தை: "உள்ள குடையுதுடா."

அதை நான் ஆங்கிலத்தில் லேசான உறுத்தல் என்கிற அர்த்தத்தில் சொன்னேன்.

இன்றைக்கும் இதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. ஸ்க்ளிரைட்டிஸ் வலியை ஆங்கில மருத்துவப் புத்தகங்கள் விவரிக்கும்போது, துளை போடுவது போன்ற வலி என்று பொருள்படும் சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. குடைச்சல்! படிப்பறிவு அதிகம் இல்லாத என் அம்மா, பாடப்புத்தகத்தில் இருக்கிற சரியான வார்த்தையைச் சொன்னார். இன்ஜினியரிங் படித்த மகன் அதை உறுத்தல் ஆக்கினான். அம்மாவிடம் திருப்பி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. வண்டியை நிறுத்திய இடத்தில் இன்னும் பத்து நிமிஷம்தான் பாக்கி இருந்தது.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், அம்மா அப்பாவுக்கும் பாட்டிக்கும் டாக்டரிடம் மொழிபெயர்ப்பவர்கள், கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் வலிக்கு நிறைய வார்த்தை இருக்கிறது. குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, உளையுது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஒவ்வொன்றும் வேறு. உங்களுக்கு ஆங்கிலத்தில் சட்டென்று அகப்படுகிற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடாதீர்கள். அதேபோல 'வாதம்'. பக்கவாதம் என்றால் ஒன்று, முடக்குவாதம் என்றால் முற்றிலும் வேறு. "பாட்டிக்கு வாதம்" என்று கேட்டுவிட்டு ஸ்ட்ரோக் என்று எழுதிக் கொடுத்த பிள்ளையை எனக்குத் தெரியும். இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் ஆர்த்ரைட்டிஸ் என்று மட்டும் சொன்னால், கேட்பவர் முட்டித் தேய்மானம் என்று எடுத்துக்கொள்கிறார். அறுபது வயது அம்மாவுக்கு முட்டி வலி என்பதில் என்ன செய்தி இருக்கிறது? 'ருமட்டாய்டு' என்ற முன்சொல்லைச் சொன்னால்தான் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நான் அதைச் சொல்லவேயில்லை. கேட்கப்பட்டது கண்ணைப் பற்றி, கையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் சொட்டு மருந்து. குறையவில்லை. தற்காலிக நோயாளியாகப் பதிந்துகொண்டு ஒரு ஜிபியிடம் தொலைபேசியில் பேசினோம். மறுபடி நான்தான் பேசினேன். இன்னும் சில நாள் அதே சொட்டு மருந்து என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் கொடுத்த தகவலை வைத்து யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்கள் துறையில் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒவ்வொரு டீமும் தன் டிக்கெட்டை ஒழுங்காக முடித்துவிடும், ஆனால் கோளாறு ரெண்டு டீமுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம்தான் அந்தக் கிராம்பு ராத்திரி. ஸ்க்ளிரைட்டிஸ் வலி கண்ணோடு நிற்காது, நெற்றிப் பொட்டுக்கும் தாடைக்கும் இறங்கும், தூக்கத்திலிருந்து எழுப்பும். அம்மா பல் என்று நினைத்ததில் தப்பில்லை.

காப்பாற்றியது கடைத்தெருவில் இருக்கிற ஒரு கண்ணாடிக் கடை. சொல்லப்போனால் வேறு வேலையாகத்தான் போனோம். பார்வை லேசாக மங்கலாக இருக்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று அம்மா கேட்டதால். பரிசோதித்தது இருபத்தைந்து வயசு இருக்கும் ஒரு குஜராத்திப் பெண், இங்கேயே பிறந்தவள். ஸ்லிட் லேம்ப் கருவியில் தாடையை வைத்து ரெண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னாள். அம்மாவால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கணுக்கள் பருத்து இருந்தன. அந்தப் பெண் கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்க கைக்கு என்ன?" என்று கேட்டாள். அதுவரை மூன்று வாரத்தில் கேட்கப்படாத கேள்வி அது ஒன்றுதான்.

அன்று மாலையே கண் அவசரப் பிரிவு. அங்கே மருத்துவர் ஒரு சொட்டு மருந்து விட்டு, பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னார். ஃபினைலெஃப்ரின் என்ற மருந்து. மேலோட்டமான ரத்தக் குழாய்கள்தான் சிவந்திருந்தால் அது விட்டதும் வெளுத்துவிடும். எபிஸ்க்ளிரைட்டிஸ் என்ற லேசான வகை அப்படித்தான், முடக்குவாதக்காரர்களுக்கு அதுவும் வரும், பெரும்பாலும் தானே அடங்கும். ஆழத்தில் சுவரே அழன்றிருந்தால் வெளுக்காது. அம்மாவுக்கு வெளுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தார். செந்நிறம் இல்லை அது, நாவல்பழச் சாயலில் ஒரு ஊதாச் சிவப்பு. நாங்கள் மூன்று வாரமாக வீட்டுக் குழல்விளக்கில் பார்த்துச் சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் மருத்துவர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாங்க. எனக்கு அந்தப் பார்வை தெரியும், பள்ளிக்கூட மார்க் ஷீட்டை நான் மறைத்தபோது என் முகத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். அம்மா சாப்பிடுவது மெத்தோட்ரெக்ஸேட். தினம் அல்ல, வாரத்துக்கு ஒரே நாள் போட வேண்டிய மாத்திரை. தவறிப்போய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஊரில் காலண்டரில் வட்டம் போட்டு வைப்பார், வீட்டில் அதற்குப் பெயரே ஞாயிற்றுக்கிழமை மாத்திரை. இந்த மருந்துக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்க்க வேண்டும், அதனால் ஊர் டாக்டர் மூன்று மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். தங்குவதோ ஆறு மாதம். அம்மா கணக்குப் போட்டிருக்காங்க. ஒரு ஞாயிறு போடுவது, அடுத்த ஞாயிறு விடுவது. மூன்று மாத மாத்திரை ஆறு மாதத்துக்கு வந்துவிடும்.

"ஏம்மா சொல்லல?" என்றேன்.

"பச்சப் புள்ள இருக்கிற வீடு. உனக்கு ஆபீஸ். இங்க டாக்டருக்குக் காசு அதிகம்னு நீதானடா சொன்ன."

நான்தான் சொன்னேன். விமானம் ஏறும் முன்னால் போனில், இன்சூரன்ஸ் பற்றிப் பேசும்போது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு இந்தப் பயணக் காப்பீடு பணம் தராது, அதனால் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னேன். அவர் அதை வாயைத் திறக்காமல் இருங்கள் என்று எடுத்துக்கொண்டார்.

அந்த அறையில் இன்னும் ஒன்றும் வெளியே வந்தது. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று இன்னொரு மாத்திரை, தினமும், ஆறு வருஷமாக. கோவிட் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மூட்டுக்கு நல்ல மருந்து, ஆனால் வருஷக்கணக்கில் போகும்போது விழித்திரையில் படிந்து பார்வையின் மையத்தைச் சுற்றிப் பழுதாக்கலாம், பழுதானது திரும்பாது. உடம்பு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் ஒரு நாளைக்குப் போகக்கூடாது என்பது கண் மருத்துவர்களின் பரிந்துரை. அந்த அளவுக்குள் இருந்தால் முதல் பத்து வருஷத்தில் பாதிப்பு 2 சதவீதத்துக்கும் கீழே. இருபது வருஷம் தாண்டினால் ஐந்தில் ஒருவர் வரை போகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கும் முன்னாலேயே. ஐந்து வருஷம் ஆனதிலிருந்து வருஷம் ஒரு தடவை விழித்திரையை ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அம்மாவின் எடை 46 கிலோ. கிலோவுக்கு 5 என்றால் 230 மில்லிகிராம். அவர் போட்டுக்கொண்டிருந்தது 300. விழித்திரைப் பரிசோதனை ஒரு தடவைகூட நடந்ததில்லை, யாரும் சொன்னதும் இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள். விழித்திரை சுத்தமாக இருந்தது. அளவு 200 ஆகக் குறைக்கப்பட்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், கண் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள், அவ்வளவுதான்.)

ஸ்க்ளிரைட்டிஸுக்கு வெறும் சொட்டு மருந்து பெரும்பாலும் போதாது. வாய்வழி மாத்திரை வேண்டும், அதைவிட முக்கியம், அடியில் இருக்கிற நோயை அடக்க வேண்டும். அம்மாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தார்கள். நான்காம் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கினாங்க. ஸ்டீராய்டு நீண்ட நாள் போனால் கண்புரையும் கண் அழுத்தமும் வரலாம் என்பதால் மெல்லக் குறைத்தார்கள்.

கண் மருத்துவர் சிறுநீர், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. கண்ணுக்கு எதற்கு சிறுநீர்? பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முடக்குவாதக்காரருக்கு வெள்ளைச் சுவர் அரிக்கும் அளவுக்கு ஸ்க்ளிரைட்டிஸ் முற்றினாலோ, கருவிழியின் ஓரம் கரைந்து புண்ணானாலோ, உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களில் அழற்சி இருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. பழைய நாளில், வீரியமான எதிர்ப்பு சக்தி அடக்கும் மருந்துகள் கொடுக்கப்படாத இந்த வகை நோயாளிகளில் பலர் சில வருஷங்களில் மாரடைப்பு போன்ற ரத்தக் குழாய் நோய்களால் இறந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மருந்து கொடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். 1984இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. கண்ணைக் காப்பாற்றப் போய் ஆளைக் காப்பாற்றுகிற இடம் அது. இன்னொரு வகை இன்னும் மோசம். பல வருஷ முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அபூர்வமாக வெள்ளைச் சுவர் வலியே இல்லாமல், சிவக்காமலே மெலிந்து, உள்ளே இருக்கும் கருநீலம் தெரிய ஆரம்பிக்கும். வலிக்கவில்லையே என்று நம்பி இருக்க முடியாது.

வலிக்காத கண்ணைப் பற்றிச் சொல்லும்போது குழந்தைகளைச் சொல்லாமல் விட முடியாது. டொராண்டோவில் எனக்கு ஒரு யாழ்ப்பாண நண்பர். அவருடைய மகளுக்கு ஐந்து வயதில் ஒரு முழங்கால் வீங்கியது, குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சி. டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனைக்கு எழுதிவிட்டார். "அவளுக்குக் கண் நோகேல்ல, சிவக்கவும் இல்ல. பிறகு ஏன் ஒவ்வொருக்காவும் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போறது?" என்று அவர் என்னிடமே கேட்டார். நாலாவது தடவை ஸ்லிட் லேம்ப்பில் கண்ணின் முன்னறையில் அழற்சி அணுக்கள் மிதப்பது தெரிந்தது. யூவியைட்டிஸ். இந்த மூட்டழற்சி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும், அதுவும் சத்தமில்லாமல். குழந்தை கண்ணைக் கசக்காது, அழாது. ஆறு மாதம் பார்க்காமல் விட்டால் பாவை ஒட்டிக்கொள்ளும், புரை வரும். இப்போது அதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட்டோடு அடாலிமுமாப் ஊசியும் சேர்த்துப் போட்ட குழந்தைகளுக்குக் கண் நன்றாகவே அடங்கியது. ஆனால் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடத்தில் முதல் வரிசையில் உட்கார வேண்டிய அவசியமில்லாமல் படிக்கிறாள்.

இவ்வளவும் அபாயக் கதைகள். முடக்குவாதக்காரர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில் வருவது இதெல்லாம் இல்லை, வறட்சிதான். அம்மாவுக்கு அதுவும் பல வருஷமாக இருந்திருக்கிறது. "கண்ணுல மண்ணு விழுந்தாப்ல இருக்கு" என்பார். கூடவே கண்ணில் நீர் வழியும், அதனால் வறட்சி என்று சொன்னால் நாம் நம்ப மாட்டோம். வறண்ட கண் எரிச்சலில் சுரக்கிற தண்ணீர் அது, கண்ணில் தங்காது. பிஸ்கெட் சாப்பிட்டால் தண்ணீர் குடிக்காமல் இறங்காது என்பதும் அதே கணக்கு, எச்சில் சுரப்பியும் வறண்டிருக்கிறது.

இந்த முடிச்சை முதலில் விரிவாக எழுதியவர் ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன். 1933இல் தன் டாக்டர் பட்ட ஆய்வில் கண் வறண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டழற்சியும் இருந்தது. கண் டாக்டர், கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மூட்டையும் கேட்டுக் குறித்து வைத்தார். பேராசிரியராகும் அளவுக்கு அந்த ஆய்வுக்கு மதிப்பெண் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. இன்றைக்கு அந்த நோய்க்கு அவர் பெயர்தான். கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை இருக்கிறது, கீழ் இமையில் ஒரு சின்ன வடிதாள் துண்டைச் செருகி ஐந்து நிமிஷம் விட்டு எவ்வளவு நனைந்தது என்று அளப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவு என்றால் நல்ல வறட்சி. அம்மாவுக்கு 3. பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் சொட்டு கொடுத்தார்கள். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற அறைக் காற்றில் வறட்சி ரெட்டிப்பாகும், நாங்கள் அம்மாவின் கட்டிலை ரேடியேட்டருக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தோம். குளிருமே என்ற அக்கறையில்.

இனி என் அபிப்பிராயம்.

ஊரிலிருந்து பெற்றோரை வரவழைக்கிறவர்கள் பெட்டி எடை பார்க்கிற அக்கறையில் கால் பங்கை மருந்துப் பட்டியலில் காட்டினாலே போதும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தக் கிழமை, எப்போது ரத்தப் பரிசோதனை. தங்கும் காலம் முழுவதற்கும் மருந்து, ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். ரத்தப் பரிசோதனையை இங்கே காசு கொடுத்துத் தனியாரில் செய்து முடிவை ஊர் டாக்டருக்கு அனுப்பலாம், நாங்கள் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள், அம்மாவிடமே. இங்கிலாந்தில் விசிட்டராக வந்தவர்களுக்கும் ஜிபியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அவசரப் பிரிவில் முதல் சிகிச்சைக்கும் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு மருத்துவமனையில் சேர்த்தாலோ வெளிநோயாளியாகத் தொடர்ந்து போனாலோதான் பில், அது என்எச்எஸ் வழக்கமான விலையில் 150 சதவீதம். எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் பவுண்டு வந்தது. இன்சூரன்ஸ் எதிர்பார்த்த மாதிரியே கையை விரித்தது. தவணையில் கட்டினோம். அந்தத் தொகையை நினைத்து அம்மா மறைத்த மூன்று வாரத்தில், வெள்ளைச் சுவர் ஒரு இடத்தில் கொஞ்சம் மெலிந்துவிட்டது. அந்த இடம் இனி அப்படித்தான் இருக்கும்.

நம் சங்கங்களும் கோயில்களும் மருத்துவ முகாம் நடத்துகின்றன. வரிசையில் நிற்க வைத்துப் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள், நல்லது. அந்த வரிசையில் கையைத் திருப்பிப் பார்த்து, "காலையில விரல் மடங்குதாம்மா? கண் உறுத்துதா?" என்று கேட்க ஒரு ஆள் போதும். கருவி வேண்டாம். மதுரையிலும் சென்னையிலும் உலகமே வந்து பார்க்கிற கண் மருத்துவமனைகளை நடத்துகிற ஊர்க்காரர்கள் நாம். ஆனால் நம் வீட்டில் ஒரு அம்மா, மூட்டுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று ரெண்டு பைல் வைத்துக்கொண்டு, ஒன்றை மற்றவரிடம் காட்டாமலே ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். மூட்டு டாக்டர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை, கண் டாக்டர் மூட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ரெண்டு பைலும் ஒரே பையில் இருந்தன. ஒரே மஞ்சள் பையில்.

அம்மா ஏப்ரல் கடைசியில் ஊருக்குத் திரும்பினாங்க. இங்கே கொடுத்த கடிதத்தோடு போய் இப்போது ஒரே ஆஸ்பத்திரியில் ரெண்டு டாக்டரையும் பார்க்கிறார். ஞாயிறு காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். பாதி நாள் போட்டோவில் மாத்திரையைவிடப் பின்னால் இருக்கும் வாசல் கோலம்தான் தெளிவாக இருக்கும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை, நான் மீட்டிங்கில் இருந்தபோது போன் வந்தது. அம்மா அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். வெளியே வந்து எடுத்தேன்.

"ஒண்ணுமில்லடா, பதறாத. இடது கண்ணு காலைலேர்ந்து லேசா உறுத்துது. குடையல, உறுத்தத்தான் செய்யுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சொல்லணும்னு சொன்னியே, அதான் சொன்னேன்."